ஹாம் லைசென்ஸ் எடுப்பது எப்படி: செலவு, தேர்வு, காத்திருப்பு

"டீச்சர், லைசென்ஸுக்கு எவ்வளவு ஆகும்?"

பொழுதுபோக்காக ரேடியோ அலைகளில் ஒருவரோடொருவர் பேசும் ஹாம் ரேடியோ பற்றி வகுப்பில் பேசி முடித்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் பெற்றோர் போன் செய்து கேட்பதும் இதையேதான். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். தேறிய பிறகு 20 ஆண்டுக்கான லைசென்ஸ் 1,000 ரூபாய். வாழ்நாள் லைசென்ஸ் வேண்டுமென்றால் 2,000. ஆண்டுக்கு 50 ரூபாய்க்கு உலகத்தோடு பேசும் உரிமை கிடைக்கிறது. விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், பணம் கட்டும் நாளில் இணையதளத்தில் காட்டும் தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் யாரையும் தடுத்து நான் பார்த்ததில்லை. ஆட்களைத் தடுப்பது காத்திருப்பு. தேர்வுக்குக் காத்திருக்க வேண்டும், முடிவுக்கு, பிறகு போலீஸ் விசாரணைக்கு, கடைசியில் லைசென்ஸுக்கு. இதெல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் போகும். ஆர்வத்தோடு ஆரம்பித்த பலர் அந்த மாதங்களில்தான் சத்தமில்லாமல் விலகிப் போகிறார்கள். காத்திருக்கும் காலத்தைக் கேட்பதற்கும் படிப்பதற்கும் பயன்படுத்தியவர்கள், லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே நல்ல ஹாமாக இருக்கிறார்கள். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மாணவர்களுக்கும் பெரியவர்களுக்கும் இந்தத் தேர்வுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஹாம் ரேடியோ என்பது பாட்டுப் போடும் எஃப்.எம். நிலையம் அல்ல. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, இசை ஒலிபரப்பக் கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. ஒரு லைசென்ஸ்காரர் இன்னொரு லைசென்ஸ்காரரோடு, இதற்கென ஒதுக்கிய அலைவரிசைகளில், தொழில்நுட்ப ஆர்வத்தினால் பேசுவது. புயல், வெள்ளம் என்று வந்து செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டால் இதே ஆட்கள்தான் செய்தி கடத்துவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் நடந்தது இதற்கு நல்ல சான்று. பாரதி பிரசாத் என்ற ஹாம், தன் குழுவோடு போர்ட் பிளேரில் வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியில் (காற்றில் ஒரு நிலையத்தை அடையாளம் காட்டும் பெயர்) உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அலை அடித்த பிறகு அந்த நிலையம் அப்படியே அவசரத் தகவல் நிலையமாக மாறியது. தீவில் இருந்தவர்களின் நிலைமையை வெளியே தெரியப்படுத்தியதில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் எழுதலாம், எந்த கிரேடு

12 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் யாரும் எழுதலாம். பட்டம் தேவையில்லை, அறிவியல் பாடம் எடுத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஓய்வு பெற்ற தபால்காரரும் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதும் தேர்வுகள் நம் நாட்டில் அதிகம் கிடையாது. எனக்கு இந்தத் தேர்வில் மிகவும் பிடித்தது அதுதான்.

இப்போது இருப்பவை இரண்டு கிரேடுகள்: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ் எடுத்தால் அழைப்புக் குறி வி.யு.3 என்று தொடங்கும். ஜெனரல் எடுத்தால் வி.யு.2. எச்.எஃப். எனப்படும் சிற்றலை அலைவரிசைகளில் ரெஸ்ட்ரிக்டட்காரர் 50 வாட் வரையும், ஜெனரல்காரர் 400 வாட் வரையும் அனுப்பலாம். அதைவிட உயர்ந்த அலைவரிசைகளான வி.எச்.எஃப். பக்கம் முறையே 10 வாட், 50 வாட். இன்னொரு பெரிய வித்தியாசம், ஜெனரலுக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்திக் குறியீடு) தேர்வு உண்டு, ரெஸ்ட்ரிக்டடுக்கு இல்லை.

எதை எடுப்பது என்று குழம்புபவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 50 வாட்டிலிருந்து 400 வாட் என்றால் எட்டு மடங்கு. டெசிபலில் அது 9. மறுமுனையில் இருப்பவரின் ரிசீவரில் குறிகையின் பலத்தைக் காட்டும் அளவு எஸ் யூனிட். ஓர் எஸ் யூனிட் என்பது 6 டெசிபல். அதாவது எட்டு மடங்கு சக்தியைக் கொட்டினாலும் அவருடைய மீட்டரில் முள் ஒன்றரை யூனிட்தான் கூடும். ஆன்டெனாவை நல்ல உயரத்தில், சரியான நீளத்தில் கட்டினாலே அந்த அளவு லாபம் கிடைத்துவிடும். அதனால் சக்திக்காக ஜெனரல் எடுக்க நினைப்பவர்களை நான் ஊக்கப்படுத்துவதில்லை. மோர்ஸ் மீது ஆசை இருந்தால் ஜெனரலுக்குப் போங்கள். பேச்சு வழியாகப் பழக வேண்டும், சீக்கிரம் காற்றில் ஏற வேண்டும் என்றால் ரெஸ்ட்ரிக்டடில் தொடங்கி, அப்புறம் ஜெனரலுக்கு மாறலாம். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்கிறேன்.

விண்ணப்பம்

எல்லாம் இப்போது சரல் சஞ்சார் என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவுதான் தேர்வையும் லைசென்ஸையும் பார்த்துக்கொள்கிறது. தேர்வின் பெயர் ஏ.எஸ்.ஓ.சி. தேறியவருக்குக் கிடைப்பது அமெச்சூர் நிலைய இயக்குநர் சான்றிதழ். சான்றிதழும் லைசென்ஸும் ஒன்றல்ல என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் நீங்கள் தேறியதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒலிபரப்பும் உரிமை லைசென்ஸ் வந்த பிறகுதான். சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று மைக்கைப் பிடிக்கக் கூடாது.

இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, கிரேடைத் தேர்ந்து, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிக்கான சான்று, புகைப்படம், கையெழுத்து எல்லாவற்றையும் ஏற்றி, கட்டணத்தை அங்கேயே செலுத்த வேண்டும். தேர்வு நடக்கும் இடம் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னை.

இந்தப் பகுதியில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது ஒரே விஷயத்தில்: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். கவிதா", ஆதாரில் "கவிதா செல்வம்", பான் அட்டையில் "செல்வம் கவிதா" என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். நமக்கு இது சாதாரணம். பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து என்பது வடக்கே இருந்து கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. விண்ணப்பிக்கும் முன்பே எல்லாச் சான்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள். முகவரியும் அப்படியே. நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் முகவரிதான் ஆவணத்தில் இருக்க வேண்டும். போலீஸ்காரர் அந்த வாசலுக்குத்தான் வரப் போகிறார்.

தேர்வு

மொத்தம் 100 மதிப்பெண், இரண்டு பகுதிகள், தலா 50. ஒன்று ரேடியோவின் கோட்பாடும் செய்முறையும், மற்றது விதிமுறைகள். கேள்விகள் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ரெஸ்ட்ரிக்டடுக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 40 விழுக்காடு, மொத்தத்தில் 50 விழுக்காடு எடுக்க வேண்டும். ஜெனரலுக்கு இரண்டு மணி நேரம். பகுதிக்கு 50, மொத்தத்தில் 55.

இதை நன்றாகக் கவனியுங்கள். ரெஸ்ட்ரிக்டடில் இரண்டு பகுதியிலும் 20, 20 எடுத்தால் தனித்தனியாகத் தேறியது போலத் தெரியும், ஆனால் மொத்தம் 40தான், தேறவில்லை. எங்காவது ஒரு பகுதியில் கூடுதலாக 10 எடுத்தாக வேண்டும். அதை விதிமுறைப் பகுதியில் எடுப்பது சுலபம். எலக்ட்ரானிக்ஸ் பின்னணி இல்லாதவர்களிடம் நான் சொல்வது, விதிமுறைகளை முதலில் படித்து முடியுங்கள். அதில் கணக்கு கிடையாது. தெளிவாகப் படித்தால் 40க்கு மேல் எடுக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள்தான் இதில் அசட்டையாக இருந்து, விதிமுறையில் கோட்டை விடுகிறார்கள்.

விதிமுறையில் என்ன வரும்? எந்த அலைவரிசை நமக்கு ஒதுக்கப்பட்டது: 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ், 14000 முதல் 14350, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. அதை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அழைப்புக் குறியை எப்போது சொல்ல வேண்டும், லாக்கில் (பேசிய விவரங்களை எழுதும் பதிவேடு) என்னென்ன எழுத வேண்டும், ஆபத்து அழைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், எந்த நாட்டுக்கு எந்த முன்னெழுத்து. அப்புறம் க்யூ கோடுகள், அதாவது க்யூ எழுத்தில் தொடங்கும் சுருக்கக் குறிகள். க்யூ.ஆர்.எம். என்றால் மற்ற நிலையங்களின் குறுக்கீடு, க்யூ.ஆர்.என். என்றால் இடி மின்னல் போன்ற இயற்கை இரைச்சல், க்யூ.எஸ்.பி. என்றால் குறிகை ஏறி இறங்குவது, க்யூ.எஸ்.ஒய். என்றால் வேறு அலைவரிசைக்கு மாறுவது, க்யூ.டி.எச். என்றால் இடம். தாளில் எழுதி மனப்பாடம் செய்வதைவிட, ஹாம்கள் பேசுவதைத் தினம் கேட்டால் இவை தானாகப் பதிந்துவிடும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கோட்பாட்டுப் பகுதியை நம் மேல்நிலைப் பள்ளி இயற்பியலே பாதிக்கு மேல் தாங்கிவிடும். ஓம் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, மின்தேக்கி, மின்தூண்டி, ஒத்ததிர்வு, டையோடு, டிரான்சிஸ்டர், மாடுலேஷன், சூப்பர்ஹெட் ரிசீவர், அயனி மண்டலம், ஆன்டெனா. பழைய பாடத்திட்டத்தின் தொடர்ச்சியாக வால்வு பற்றியும் கேட்பார்கள், ஒரு பக்கம் படித்து வையுங்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் ஒவ்வொரு தலைப்பின் ஆங்கிலப் பெயரையும் கூடவே எழுதிப் பழகுங்கள், வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும்.

சூத்திரங்களில் நான் பிள்ளைகளை அதிகம் பழக்குவது ஒன்றே ஒன்று. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 300ஐ 7.1ஆல் வகுத்தால் 42 மீட்டர் சொச்சம். அதனால்தான் அதை 40 மீட்டர் அலைவரிசை என்கிறோம். அரை அலை டைபோல் ஆன்டெனா கட்டும்போது கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடுவதால் 150க்குப் பதில் 143ஐ வகுப்போம். 143ஐ 7.1ஆல் வகுத்தால் 20 மீட்டரும் கொஞ்சமும். ஆக, நடுவில் கேபிளை இணைத்து, இருபுறமும் பத்துப் பத்து மீட்டர் செம்புக் கம்பி. இந்த ஒரு கணக்கு தேர்விலும் வரும், பிறகு மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டும் அன்றும் வரும். வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிய எண்ணை வைத்துக் கம்பியை அளந்து வெட்டும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பாடம் கையில் ஏறும் சந்தோஷம் அது.

மோர்ஸ்

ஜெனரலுக்குப் போகிறவர்கள் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் கேட்டு எழுதவும் அனுப்பவும் வேண்டும். ஐந்து எழுத்து ஒரு சொல். ஐந்து நிமிடத்தில் 200 எழுத்து. 2003இல் நடந்த உலக ரேடியோ மாநாட்டுக்குப் பிறகு பல நாடுகள் மோர்ஸ் தேர்வை எடுத்துவிட்டன. அமெரிக்கா 2007இல் எடுத்தது. இந்தியா ஜெனரலுக்கு வைத்திருக்கிறது. வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. மிகக் குறைந்த சக்தியில், பேச்சு ஒன்றும் புரியாத இரைச்சலில், மோர்ஸ் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

புள்ளியும் கோடுமாக அட்டையில் எழுதிப் படிக்கவே படிக்காதீர்கள். அப்படிப் படித்தவர்கள் ஒலியைக் கேட்டு, அதைக் கோடாக்கி, அப்புறம் எழுத்தாக்குகிறார்கள். அதற்குள் அடுத்த இரண்டு எழுத்து போய்விடும். காதால் மட்டும் படியுங்கள். "டிடா" என்றால் ஏ. "டா டிடிடிட்" என்றால் பி. மிருதங்கம் கற்கும் பிள்ளை சொற்கட்டை வாயால் சொல்லிச் சொல்லியே கைக்குக் கொண்டு வருவது போல, வாயால் சொல்லிப் பழக வேண்டும். யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பான சி.க்யூ. என்பதை "டாடிடாடிட், டாடாடிடா" என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள் என்னிடம் உண்டு.

இன்னொன்று, எழுத்தை மெதுவாக ஒலிக்க விடாதீர்கள். எழுத்தின் வேகம் 15 சொல் அளவில் இருக்கட்டும், எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை மட்டும் அதிகமாக்குங்கள். இதற்கு ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்று பெயர். இரண்டே எழுத்தில் தொடங்கி, பத்துக்கு ஒன்பது சரியாக வரும்போது மட்டும் மூன்றாவதைச் சேர்ப்பது காக் முறை. இரண்டையும் சேர்த்துப் பழக்கும் இலவசச் செயலிகளும் தளங்களும் உண்டு. தினம் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்வதால் ஒன்றும் ஏறாது. தவறவிட்ட எழுத்தை நினைத்துக்கொண்டு நிற்காமல் இடம் விட்டு அடுத்ததுக்குப் போகும் பழக்கத்தைத் தனியாகவே பயிற்சி செய்யுங்கள். தேர்வில் ஆட்களைக் கவிழ்ப்பது அந்த ஒரு எழுத்துதான்.

தேறிய பிறகு

சான்றிதழ் கிடைத்ததும் அதே இணையதளத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விருப்பமான அழைப்புக் குறிகளைக் கேட்பார்கள். காலியாக இருந்தால் கிடைக்கும். பெயரின் எழுத்துகளைக் கேட்பவர்கள்தான் அதிகம். ராஜீவ் காந்தியின் அழைப்புக் குறி வி.யு.2.ஆர்.ஜி. என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் உடனே தங்கள் இனிஷியலை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். நான் ஒன்று சொல்வேன்: எழுதிப் பார்க்காதீர்கள், உரக்கச் சொல்லிப் பாருங்கள். வி.யு.2, வி.யு.3 என்பதற்குப் பின்னால் வரும் அந்த மூன்றெழுத்தை வாழ்நாள் முழுக்க இரைச்சலில் சொல்லப் போகிறீர்கள். பி, டி, ஈ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகள் மூன்றும் சேர்ந்தால் மறுமுனையில் இருப்பவர் திரும்பத் திரும்பக் கேட்பார். மோர்ஸ் ஆசை உள்ளவர்கள் அதன் தாளத்தையும் தட்டிப் பாருங்கள்.

20 ஆண்டா, வாழ்நாளா? வாழ்நாள் லைசென்ஸ் என்பது 80 வயது வரைக்கும். ஆகவே இளையவர்கள் 2,000 கட்டி வாழ்நாளுக்கு எடுத்துவிடுவது நல்லது, புதுப்பிக்கும் கவலை இல்லை. அறுபதைத் தாண்டியவர்கள் 1,000 கட்டி 20 ஆண்டுக்கு எடுத்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். என்னிடம் படித்த பெரியவர் ஒருவர் "வாழ்நாள்னு போட்டா கௌரவமா இருக்கும்மா" என்று அதையே எடுத்தார். அவருடைய ஆசை அது, அதுவும் சரிதான்.

அப்புறம் வருவது விசாரணை. பாஸ்போர்ட்டுக்கு வருவது போல உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து வருவார்கள், அல்லது அழைப்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "உங்க பொண்ணு வயர்லெஸ் வச்சிருக்காளா?" என்று சீருடையில் ஒருவர் வாசலில் நின்று கேட்டால் பாட்டிக்கு எப்படி இருக்கும்! விசாரிக்க வருபவரும் ஹாம் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டிருக்கலாம். ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளும்படி என் மாணவர்களிடம் சொல்கிறேன்: இது மத்திய அரசு நடத்தும் தேர்வு, தேறியிருக்கிறேன், பேரிடர் நேரத்தில் உதவும் பொழுதுபோக்கு, கருவி இன்னும் வாங்கவில்லை. கூடவே சான்றிதழின் நகல். மரியாதையாக, பொறுமையாக விளக்கினால் பெரும்பாலும் அவர்களே ஆர்வத்தோடு கேள்வி கேட்பார்கள்.

"கருவி இன்னும் வாங்கவில்லை" என்பது உண்மையாக இருக்க வேண்டும். லைசென்ஸ் வருவதற்கு முன் டிரான்ஸ்மிட்டர் வாங்காதீர்கள். நம் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், பேசினால்தான் குற்றம் என்பதில்லை. இணையத்தில் மலிவாக வாக்கி டாக்கி கிடைக்கிறது என்பதால் அது உங்களுக்குச் சட்டப்படி ஆகிவிடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். ஒரு பிள்ளையின் லைசென்ஸ் கோப்பு இதனால் கெடுவதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

காத்திருக்கும் மாதங்களில் கேளுங்கள்

உங்கள் சொந்த ரிசீவர் கூட வேண்டாம். உலகின் பல இடங்களில் ஆர்வலர்கள் தங்கள் ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். வெப்.எஸ்.டி.ஆர்., கிவி எஸ்.டி.ஆர். என்று தேடினால் கிடைக்கும். இந்தியாவில் அல்லது பக்கத்து நாட்டில் உள்ள ஒன்றைத் திறந்து, காலை வேளையில் 7 மெகாஹெர்ட்ஸ் முதல் 7.2 வரை மெதுவாக நகர்த்துங்கள். ரிசீவரை எல்.எஸ்.பி. (கீழ்ப் பக்கப்பட்டை) என்ற முறையில் வைக்க வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் யு.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை) முறை. ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்தால் பேச்சு ஒன்றும் புரியாது. தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பேசுவது கேட்கும். பகலில் 40 மீட்டர் சில நூறு கிலோமீட்டர் போகும், இருட்டியதும் தூரத்து நாடுகள் வந்து கலக்கும். ஏன் என்று யோசித்துக்கொண்டே அயனி மண்டலப் பாடத்தைப் படியுங்கள், மறக்கவே மறக்காது. பகலில் கீழே இருக்கும் டி அடுக்கு சிற்றலையின் கீழ்ப்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கரைகிறது, அலை மேலே எஃப் அடுக்கு வரை போய்த் திரும்பி வெகு தூரத்தில் இறங்குகிறது.

கேட்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: தேதி, நேரம், அலைவரிசை, அழைப்புக் குறி, எவ்வளவு தெளிவு. நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் எழுதிப் பழகுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் போதும். ஒருவர் எப்போது அழைப்புக் குறி சொல்கிறார், எப்போது இடைவெளி விடுகிறார், எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எப்படி விளக்குகிறார், கடைசியில் 73 என்று வாழ்த்தி எப்படி விடைபெறுகிறார் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். முதல் நாளில் மைக்கைப் பிடித்துத் திணறுபவர்கள் கேட்காமல் வந்தவர்கள்தான்.

இந்தக் காலத்திலேயே பக்கத்தில் இருக்கும் ஹாம் குழுவைத் தேடிச் சேருங்கள். ஒரு ஹாமின் வீட்டில், அவர் பக்கத்தில் இருக்கும்போது கருவிகளைப் பார்த்துப் பழகுவது எந்தப் புத்தகமும் தராத பாடம். வயதில் மூத்த ஹாம்கள் பலர் தங்களிடம் உள்ள பழைய கருவிகளைப் புதியவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கவும் தயங்க மாட்டார்கள், லைசென்ஸ் வந்ததும்.

கருவிக்கு எவ்வளவு வைக்க வேண்டும்

இங்கேதான் பை கனக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். கையடக்க வி.எச்.எஃப். கருவி சில ஆயிரத்தில் முடிந்துவிடும். உள்ளூரில் ரிப்பீட்டர் (வந்த குறிகையைப் பலமாக்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) இருந்தால் அதுவே போதும், இல்லையென்றால் ஏமாற்றமாக இருக்கும். எனவே வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் ரிப்பீட்டர் எட்டுகிறதா என்று குழுவில் கேளுங்கள். அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டியான புதிய எச்.எஃப். டிரான்சீவர் என்றால் அரை லட்சத்தைத் தாண்டும். மாணவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003இல் பிட்எக்ஸ் என்ற டிரான்சீவர் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்து கொடுத்தார். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண உதிரிப் பாகங்களை வைத்தே செய்யக்கூடியது. உலகம் முழுக்க ஹாம்கள் அதைக் கட்டினார்கள். சில வாட் சக்திதான், ஆனால் நல்ல டைபோலோடு சேர்ந்தால் தென்னிந்தியா முழுக்கப் பேசலாம். கையால் சால்டர் வைத்துச் செய்த பெட்டியிலிருந்து முதல் பதில் வரும்போது கிடைக்கும் நிறைவுக்கு விலை இல்லை.

ஆன்டெனாவுக்கு ஆகும் செலவு கம்பி, கேபிள், கனெக்டர், கயிறு, அவ்வளவே. காசைக் கருவியில் மிச்சம் பிடித்து நல்ல கேபிளில் போடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். கட்டிய பிறகு சொல்வது நல்லதல்ல. மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் ஆன்டெனா கம்பியை வீசவே கூடாது, அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இடி மழை வரும் சாயங்காலங்களில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

முதல் நாள்

லைசென்ஸ் வந்துவிட்டது. அன்று முதலில் செய்ய வேண்டியது, லைசென்ஸில் இருக்கும் பெயர், முகவரி, அழைப்புக் குறி, கிரேடு, காலக்கெடு எல்லாம் சரியா என்று வாசிப்பது. எழுத்துப் பிழை இருந்தால் அன்றே திருத்தத்துக்கு எழுதுங்கள். நகலெடுத்து கருவி இருக்கும் அறையில் வையுங்கள்.

பிறகு கருவியை ஆன் செய்து, பேசாமல் கேளுங்கள். காலியான அலைவரிசை என்று தோன்றினால் "இந்த அலைவரிசையை யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று அழைப்புக் குறியோடு ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நமக்குக் கேட்காத ஒருவர் பேசிக்கொண்டிருக்கலாம். பதில் இல்லையென்றால் மீண்டும் ஒருமுறை. அப்புறம்தான் அழைப்பு: "சி.க்யூ., சி.க்யூ., சி.க்யூ., 40 மீட்டர், இது விக்டர் யூனிஃபார்ம் த்ரீ..." என்று உங்கள் எழுத்துகளைச் சொல்லி, பதிலுக்கு இடம் விடுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். பழைய ஹாம்கள் புதிய வி.யு.3 குரலைக் கேட்டதும் சந்தோஷமாக ஓடி வருவார்கள். உங்கள் பெயர், இடம், அவர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறார் என்ற குறிகை அறிக்கை, இந்த மூன்றும் சொன்னால் போதும். மிச்சத்தை அவரே கேட்டு வாங்குவார்.

பேசி முடித்த கையோடு லாக்கில் எழுதுங்கள். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் நேரம் தவறும். வீடு மாறினால் நிலையத்தின் முகவரி மாற்றத்தை டபிள்யூ.பி.சி.க்கு அதே இணையதளம் வழியாகத் தெரிவித்துவிட்டு, பதிவு மாறிய பிறகு புது வீட்டில் நிலையத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.